கணக்கில் வராத துணி

அரண்மனையில் ரகசியம் என்று எதுவும் இல்லை.
அழுக்கு உண்டு. அது என்னிடம் வரும்.

வடக்குச் சலவை முற்றத்தில்
பத்தொன்பது குளிர்காலமாக நிற்கிறேன்.
அப்பா உப்புக் கணக்கில் கை வைத்தாராம்.
அவர் கழுத்துக்கு ஒரு கத்தி,
என் கைக்கு ஒரு அடிகட்டை.
அப்போது வயது பதினொன்று.
கட்டை என்னைவிடக் கனம்.

மந்திரிகள் முத்திரையைப் படிப்பார்கள்.
நான் கறையைப் படிப்பேன்.
கையோரத்தில் மை என்றால் மாமன்னர் இரவெல்லாம் தூங்கவில்லை.
முழங்காலில் பாசி என்றால்
எந்தத் தளபதிக்கோ இன்னும் மன்னிப்பு இல்லை.
மேற்கு மாளிகைத் துணிகள் மட்டும்
மாதம் ஒருமுறை மூடிய கூடையில் வரும்.
அவற்றைப் பற்றிப் பேசக்கூடாது.
எண்ணலாம்.

குதிரை ஆண்டு, இலை உதிரும் காலம்.
துவான் நாயகி கருவுற்றாள் என்று
மூன்று வாயிலிலும் சிவப்புப் பட்டு கட்டினார்கள்.
எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கூடுதல் சோறு.
நானும் தின்றேன்.
பதினாறாம் நாள் கூடை வந்தது.
திறந்தேன்.
மூடினேன்.

சாவிக்கொத்து பெங் ஷௌ
கிணற்றடிக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கேட்டான்:
"இந்தக் கிணறு ஆழமோ?"
"ஆழம்தான் ஐயா."
"அப்படியானால் சரி."
ஒரு வெள்ளிக் கொண்டை ஊசியை
கிணற்று விளிம்பில் மறந்துவிட்டுப் போனான்.

அடுத்த தொட்டி மியாவ் ஷூவுடையது.
குளிர் தாங்காமல் இடது கைவிளிம்பைக்
கடித்துக்கொண்டே துவைப்பாள்.
அவள் இடுப்புக் கயிற்றைத் தளர்த்திக் கட்டத் தொடங்கியதும்
அந்த மாதத்தில்தான்.
யாரென்று கேட்கவில்லை.
சாம்பல் சுமக்கும் பையன் ஒருவன்
எங்கள் பக்கம் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.
பிறகு அவனே வரவில்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை.
அதுதான் எனக்குப் பயம்.
இலந்தை கொடுத்தார்கள், கோழிச் சாறு கொடுத்தார்கள்.
"பெரிய இடத்துக்கும் இரக்கம் இருக்கிறதடி" என்றாள்.
எலும்பை எனக்குக் கொடுத்தாள், உறிஞ்ச.

பேரரசியின் ஆட்கள் ஒருநாள் வந்தார்கள்.
"மேற்கு மாளிகைக் கூடைகள் எத்தனை?"
உண்மை சொன்னால் துவான் குலத்தில் முந்நூறு தலை,
சலவை முற்றத்தில் இரண்டு.
"ஒன்றும் வரவில்லை" என்றேன்.
அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.
ஊசி கொண்டையில் சில்லென்று இருந்தது.

பனி கொட்டிய இரவு முரசு அடித்தார்கள்.
இளவரசர் பிறந்தார்.
விடிந்ததும் இரண்டு கூடை.
ஒன்றில் நாயகியின் படுக்கை விரிப்பு:
அதில் இருந்தது கோழி இரத்தம்,
எனக்குத் தெரியாதா?
மற்றதில் மியாவ் ஷூவின் மேலாடை.
துவைக்காதே, எரி என்றார்கள்.
துவைத்தேன்.
மூன்று நாள் தண்ணீர் மாற்றினேன்.
அவளுடைய தொட்டிக்கு வேறொருத்தி வந்தாள்.

இப்போது அவருக்கு எட்டு வயது, அரியணையில்.
வானத்தின் மகன் என்கிறார்கள்.
அந்த வானம் சாம்பல் கூடை சுமந்ததை
நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அவருடைய முத்திரை விழுந்த ஓலையோடு
புதிதாக நாற்பது பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.
எவருடைய அப்பாவோ, எந்த உப்போ.
ஆகச் சிறியவளுக்குக் கட்டையைத் தூக்க வரவில்லை.
முனையைப் பிடித்துக் காட்டினேன்.

இன்று மஞ்சள் அங்கி வந்தது,
ஐந்து நகமுள்ள நாகம் பின்னியது.
இடது கைவிளிம்பு ஈரம்.
நூல் பிய்ந்து, பல்லின் தடம்.
இப்படி வந்தால் எழுதி அனுப்ப வேண்டும்;
பணிவிடைக்காரனுக்கு முப்பது கசையடி,
அவருக்கு விரலில் கசப்பு மருந்து.

விளக்கு அணைக்கச் சொன்ன பிறகும் உட்கார்ந்து
பட்டு நூலால் தைத்தேன்.
ஏட்டில் எழுதினேன்:
மஞ்சள் அங்கி, ஒன்று.
சேதம் இல்லை.