காலி வண்டியின் எடை

இன்று ஏழு மணிக்குக் கமிட்டி.
திம்மராயனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா.
ஐந்து ஓட்டில் இரண்டு அப்படி, இரண்டு இப்படி.
மிச்சம் என்னுடையது.

அறுபத்தொரு ஆட்டம், இருபத்திரண்டு வெற்றி
என்று நேற்றே கரும்பலகையில் எழுதிவிட்டார்
கிரானைட் வேடியப்பன்.
கணக்கு பொய் சொல்லாதாம்.

நான் காவேரிப்பட்டணம் ரோட்டில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் வேலை பார்ப்பவன்.
கணக்கு என்னென்ன பொய் சொல்லும் என்று தெரியும்.
டேங்கில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு ஏறும் லாரி,
தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கும் கிளீனர்,
வரும்போது மட்டும் இரண்டு ஸ்டெப்னி.
நிறைவண்டியை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால்
முதலாளி ஒரே சீசனில் தெருவுக்கு வந்துவிடுவார்.
கொட்டிவிட்டுத் திரும்பும் வண்டியை
மறுபடி ஏற்றி நிறுத்தி
கழித்தபிறகு மிஞ்சுவதுதான் மாங்காய்.

திம்மராயன் வந்த அன்று
காலி வண்டி என்ன எடை?
யாரும் சீட்டுப் போட்டு வைக்கவில்லை.
எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்:
முந்தின வருடம் கோப்பை வாங்கிய ஏழு பெண்களில்
மூன்று பேர் போலீஸ் வேலைக்குப் போயிருந்தார்கள்.
ரோகிணியைக் குப்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.
இரண்டு பேர் விடிகாலை நாலரைக்கு
ஓசூர் செல்போன் கம்பெனி பஸ்ஸில்.
மிச்சம் முனீஸ்வரி, முழங்காலில் கட்டோடு.
கோப்பை இருந்தது அலமாரியில்.
கோப்பை எழுந்து பாடிப் போகாது.

முதல் வருடம் பதினெட்டில் இரண்டு வென்றோம்.
ஸ்கோர் நோட்டைப் புரட்டினால்
ஆனியில் முப்பத்தொரு புள்ளியில் தோற்றிருக்கிறோம்,
ஐப்பசியில் பத்தொன்பதில்,
மாசியில் நாலில்.
கரும்பலகைக்கு மூன்றும் ஒன்றுதான்.

அதற்காக ஆளைச் சாமியாக்கவும் மனசு வரவில்லை.
ஊத்தங்கரை அரையிறுதி,
மூன்று நிமிடம் பாக்கி, இரண்டு புள்ளி நம் பக்கம்.
ஒதுங்கி நின்று நேரத்தைத் தின்றிருக்கலாம்.
"பாய்ந்து பிடி" என்று கத்தினார்.
நாலு பேர் பாய்ந்தார்கள், நாலு பேரும் வெளியே.
அந்த முழங்காலோடு முனீஸ்வரியை இறக்கியதும் தப்பு.
முகத்துக்கு நேராகவே சொன்னேன்.
"தெரியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் வருடம் பதினோரு வெற்றி. சரி.
அந்த வருடம் தர்மபுரிக்காரர்கள் பாதிப்பேருக்குச் சிக்குன்குனியா.
அதையும் கழிக்க வேண்டும், கழிக்கிறேன்.
நாலாம் வருடம் மறுபடி நாலே நாலு,
மறுபடி மூன்று பேரைப் போலீஸ் எடுத்துக்கொண்டது.
அதைச் சரிவு என்று இங்கே எழுதியிருக்கிறோம்.
அந்த மூன்று வீட்டிலும் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த மேட்.
வாங்கித் தருகிறேன் என்று வேடியப்பன் சொன்னது
எத்தனை பொங்கலுக்கு முன்னால்?
செம்மண்ணில் வெறுங்காலோடு பழகியவர்கள்
சேலத்தில் ஷூ மாட்டி மேட் மேல் வழுக்கினார்கள்.
அந்தத் தோல்வியை யார் பெயரில் ஏற்றுவது?

இன்னொன்று. இதை நான்
எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.
என் மகள் தேன்மொழியை
இரண்டு வருடம் பெஞ்சில் உட்காரவைத்தார்.
அவள் சரியாக ஆடவில்லை என்று அவளே சொல்கிறாள்.
நான் இன்னும் சொன்னதில்லை.
எடை போடுகிறவன் கால் மேடையில் படக்கூடாது.
என் கட்டைவிரல் அதன் விளிம்பில்தான் இருக்கிறது,
எடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போதும்.

ஆறே முக்காலுக்கு மைதானம் வழியாகப் போனேன்,
சட்டையில் மாங்காய்ப் பால் வாடையோடு.
தெருவிளக்கு வெளிச்சத்தில் பதினாலு பெண்கள்.
பழைய எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம்
தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்:
யார் முழங்கால் எப்படி,
யாருக்குத் தையில் கல்யாணப் பேச்சு,
யார் அடுத்த மாதம் ஓசூர் பஸ் ஏறப்போகிறாள்.
அடுத்து வருகிறவருக்கு இது வேண்டும்,
அது திம்மராயனாகவே இருந்தாலும்.

உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம்.
சீட்டு பையில் இருக்கிறது.
என் ஓட்டு என்ன என்று
எனக்கே இன்னும் தெரியாது.