விரிசலுக்குப் பக்கத்தில் தேதி

கடைசி ரயில் பணிமனைக்குத் திரும்பியபின்
ஒன்றரை மணிக்குச் சுரங்கத்தில் இறங்குவது என் வேலை.
சுத்தியலால் சுவரைத் தட்டுவேன், காது கொடுப்பேன்.
விரிசல் கண்டால் அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
கோட்டைத் தாண்டியதா என்று
அடுத்த மாதம் வந்து பார்ப்போம்.

இருபத்தாறாவது வாரத்திலேயே அவன் வந்துவிட்டான்.
எண்ணூற்றுப் பத்து கிராம்.
என் சுத்தியல் அதைவிடக் கனம்.
கால்பட்டையில் பெயரில்லை,
‘ரேணுகாவின் குழந்தை’ என்றிருந்தது.

மூன்றாம் நாள் கேகே மருத்துவமனையில்
உச்சிக்குழியில் களிம்பு தடவி ஸ்கேன் எடுத்தார்கள்.
கறுப்பாய் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை.
இடப்பக்கம் ரத்தக் கசிவு, என்றார் டாக்டர்.
நான்கில் நான்காம் நிலை.

கசிவு.
எத்தனை அறிக்கையில் எழுதிய சொல்.

“இனி?” என்றேன்.
“பார்ப்போம்.”
அதுவும் நான் சொல்கிற சொல்தான்.

திங்கள்தோறும் நர்ஸ் நூருல்ஹுதா
நாடாவால் அவன் தலையைச் சுற்றி அளப்பார்.
வளரவும் வேண்டும்,
வேகமாய் வளர்ந்துவிடவும் கூடாது.
ரேணுகா பால் பிழிந்து குப்பியில் தேதி எழுதுவாள்.
அந்த நாட்களில் எங்கள் வீட்டில்
எல்லோரும் தேதி எழுதிக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் நேரே வார்டுக்குப் போவேன்.
நகக்கண்ணில் சுரங்கத்தூசி போகும்வரை தேய்ப்பேன்.
சட்டையைத் திறந்து உட்கார்ந்தால்
கம்பிகளோடு சேர்த்து அவனை நெஞ்சில் வைப்பார்கள்.
மூச்சு நின்றால் மணி அடிக்கும்.
முதுகில் ஒரு விரலால் தட்டினால்
ஞாபகம் வந்ததுபோல் மறுபடி இழுப்பான்.
தட்டுவது எனக்குத் தெரியும்.
தட்டிவிட்டுக் காத்திருப்பது அங்கேதான் படித்தேன்.

ஒன்றை ரேணுகாவிடமும் சொல்லவில்லை.
அந்த வாரம் ஒரு விரிசலுக்குப் பக்கத்தில்
அன்றைய தேதிக்குப் பதில்
அவன் பிறந்த தேதியை எழுதிவிட்டேன்.
மேற்பார்வையாளர் கேட்டபோது பிழை என்றேன்.
அழிக்கவில்லை.

இப்போது பத்தொன்பது மாதம்,
திருத்திய கணக்கில் பதினாறு.
பெயர் இளம்பரிதி.
வலது கை இன்னும் பாதி மூடித்தான் இருக்கிறது.
பயிற்சி தரும் திருமதி கோ
இடது கைக்குக் காலுறை மாட்டச் சொன்னார்,
வலதுக்கு வேலை வரட்டுமாம்.
எப்போது சரியாகும் என்று போனில் கேட்கிறார்கள்.
பார்ப்போம் என்கிறேன்.

நேற்று ஈசூனில், எங்கள் புளோக் மின்தூக்கியில்,
ரேணுகாவின் இடுப்பிலிருந்து எட்டி
அந்தக் கையை நீட்டினான்.
நழுவியது. முகம் சிவந்தது. மறுபடி நீட்டி
மடங்கிய விரல் முட்டியால்
பொத்தானை இடித்தான்.

பன்னிரண்டு.
எங்கள் வீடு ஏழில்.

நாங்கள் ஏழை அமுக்கவில்லை.

பன்னிரண்டாம் மாடியில் யாரோ சம்பல் வதக்கினார்கள்.
ரேணுகா தும்மினாள், அவன் சிரித்தான்.
அதற்குள் மின்தூக்கி கீழே போய்விட
படியிறங்கியே வந்தோம்,
ஐந்து மாடி,
அவள் படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே.