ஒரு பை குறைவு

பதினேழாம் நாளிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.
அவன் காது மடல்
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த
வெங்காயச் சருகுபோல் ஆகத் தொடங்கும்.
படிக்கட்டில் ஏழாவது படியில்
செருப்பு வாரைச் சரிசெய்வதாக நிற்பான்.
வாரில்லாத செருப்பு.
நான் பார்க்காததுபோல்
சாவியைத் தேடுவேன்.

வில்லாசால்தோவிலிருந்து கால்யரிக்கு
ஐந்தே முக்காலுக்குப் பேருந்து.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒன்பது வருடமாக.
ஓட்டுநர் இப்போதெல்லாம் டிக்கெட் கேட்பதில்லை.
"பெட்ரோல் போடப் போறியா, கொனாரியோ?" என்பார்.
இவன் சிரிப்பான்.
அந்தச் சிரிப்புக்காக மட்டும்
அவரை மன்னித்து வைத்திருக்கிறேன்.

கட்டிலில் படுத்ததும் அவனுக்கு ஒரு விளையாட்டு:
இன்று யாருடைய ரத்தம்?
பை பாதி இறங்கும்வரை கண்ணை மூடிக்கொள்வான்.
"மீன்காரர். எனக்கு மத்தி தின்ன ஆசையா இருக்கு."
போன முறை ஒரு தபால்காரி.
அதற்கு முந்தின முறை
கல்யாணத்துக்கு முதல் நாள் அழுத யாரோ ஒருத்தி.
நர்ஸ் பொனாரியா எல்லாவற்றையும்
அவன் அட்டையின் பின்புறம் எழுதிவைக்கிறாள்.
"நீ சொல்லும்மா."
எனக்கு வருவதில்லை.
எனக்குத் தெரிந்த ரத்தம் இரண்டே இரண்டு,
என்னுடையது, பிரியாமோவுடையது.
இரண்டிலும் பாதி பழுது.
எங்களுக்கு நடமாடப் போதும்.

கல்யாணத்துக்கு முன்பே பரிசோதித்தார்கள்.
நாலில் ஒன்று என்றார் டாக்டர்.
அப்படியானால் மூன்று நமக்கு என்றான் பிரியாமோ,
நானும் தலையாட்டினேன்.
அன்று அந்தச் சமையலறையில்
மூன்று பெரிய எண்ணாகத்தான் இருந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
மருந்து கரைத்த தம்ளரை
யார் கழுவாமல் வைத்தது என்று பேசுகிறோம்.
ஏற்றிய ரத்தமெல்லாம்
ஈரலில் இரும்பை இறக்கிவிட்டுப் போகிறது,
அதைக் கழுவி வெளியேற்ற
விடிந்ததும் வெறும் வயிற்றில் அந்த வெள்ளைக் கலக்கல்.
ஒருநாள் அதைத் துளசிச் சட்டியில் ஊற்றிவிட்டான்.
நான் கையை ஓங்கினேன்.
அடிக்கவில்லை.
இறக்கிய கையை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

மூத்தவள் கிராசியெல்லா
முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலோடு
பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள்.
ஏன்டி சொல்லல?
"இன்னிக்கு அவன் நாள்தானே."

ஆகஸ்ட் வந்தால்
தீவே கடலுக்குள் இறங்கிவிடும்,
ரத்தம் கொடுப்பவர்களும்தான்.
"ரெண்டு பை கேட்டோம், ஒண்ணுதான் வந்திருக்கு."
பொனாரியா என் முகத்தைப் பார்க்காமல்
குழாயின் திருகைப் பார்த்துச் சொன்னாள்.
மீதி வியாழக்கிழமை. வந்தால்.

பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.
கேட்டானே என்று
பொயெத்தோ கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.
குடைகள். எண்ணெய் பூசிய முதுகுகள்.
பந்தைத் துரத்தும் கொழுத்த பையன்கள்,
தர்பூசணிக்குள் புதைந்த கன்னங்கள்.
எத்தனை லிட்டர், இங்கே எத்தனை லிட்டர்
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒருத்தி மணி கேட்டாள்.
அவள் முழங்கை மடிப்பில்
நரம்பு எவ்வளவு தெளிவாக ஓடுகிறது
என்று பார்த்துக்கொண்டே மணி சொன்னேன்.
இதைப் பாதிரியாரிடம் சொல்லவில்லை,
பிரியாமோவிடமும்.

"இன்னிக்கு யாருன்னு நீ சொல்லவே இல்ல."
மணலில் உட்கார்ந்திருந்தான்,
முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும்.
கோபக்காரி ஒருத்தி என்றேன்.
எனக்கே வியப்பு, வாய் தானாகச் சொன்னது.
"யார்மேல கோபம்?"
அது அவளுக்கே தெரியாது.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அதான் சூடா இருக்கு,"
பிளாஸ்திரியைத் தொட்டுக்காட்டினான்.

ஏறும்போது ஓட்டுநர் கேட்டார்,
"டேங்க் ஃபுல்லா?"
"பாதி," என்றான் கொனாரியோ.

ஊர் வரும்வரை
அவர் ரேடியோவைப் போடவில்லை.