கடல்நீர் – உள்வரும் சூடு

வாயில் கவ்வியிருந்த ஸ்பானரை எடுத்துவிட்டுத்
தொம்மை கேட்கிறான்:
"எந்தக் கடல் மச்சான் பெருசு?"

உவரிக் கரை. நீல டிரம்மில் கடல்தண்ணீர்.
அதற்குள் தலையை விட்டு நிற்கிறது
அவன் வள்ளத்தின் எஞ்சின்.

பதினாறு வருசக் கப்பல்காரனிடம்
கேட்க வேண்டிய கேள்விதான்.
ஆனால் நான் ஆயிலர்.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என் வேலை.
சன்னல் கிடையாது.
எஞ்சினைக் குளிரவைக்கக் கடலை உறிஞ்சும் குழாயில்
ஒரு வெப்பமானி செருகியிருக்கும்.
நாலு மணிக்கு ஒருதரம் அதைப் பார்த்து
பதிவேட்டில் மூன்றாம் கட்டத்தில் எழுதுவேன்.
நான் கண்ட கடல்கள் எல்லாம்
அந்தக் கட்டத்தின் அகலம்தான்.

"பசிபிக்" என்கிறேன்.
பனாமா கழிந்து பத்தொன்பது நாள்
கரை என்று ஒன்று வரவில்லை.
உலகத்துத் தரையை எல்லாம் வாரிக் கொட்டினாலும்
இன்னும் ஓர் இந்தியாவுக்கு இடம் மிஞ்சுமாம்,
செகண்ட் எஞ்சினியர் சொன்னார்.
நடுவில் ஒரு கோடு தாண்டினோம்.
திங்கள் தூங்கி புதன் விழித்தோம்.
அந்தோனியாருக்குரிய ஒரு செவ்வாய்க்கிழமையை
அது அப்படியே விழுங்கிவிட்டது.
வீட்டில் ஜெசிந்தா
அன்றைக்கும் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறாள்.

அட்லாண்டிக்கில் உப்பு கூடுதல்.
நன்னீர் காய்ச்சும் மிஷினைத் திறந்து
தகடு தகடாகச் சுரண்டியவன் சொல்கிறேன்.
வருசத்துக்கு ஒரு விரற்கடை அகலமாகிறதாம்.
தூரம் கூடுகிறது என்று
கம்பெனி சம்பளம் கூட்டவில்லை.

தெற்குக் கடலைக் காதால்தான் தெரியும்.
தடுக்க ஒரு கரை இல்லாமல்
உலகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற அலை.
கப்பல் மூக்கைக் குத்தும்போது
பின்னால் விசிறி தண்ணீரை விட்டெழுந்து
வெறுங்காற்றை அறுக்கும்.
அந்த ஓலத்தில்
எண்ணெய்க் கைகளோடு ஏசுவை நினைத்தேன்.
வெப்பமானியில் மூன்று.

ஆர்க்டிக் எல்லாவற்றிலும் சின்னது, ஆழமும் குறைச்சல்.
அதன் ஓரத்துக்கு ஒரே ஒரு பயணம்.
பூஜ்யத்துக்கும் கீழே ஒன்று என்று எழுதினேன்,
தப்போ என்று மூன்றாம் எஞ்சினியர் வந்து பார்த்தார்.
வடிகட்டி நிறைய ஐஸ்கூழ்,
பாளையங்கோட்டை சர்பத் கடையில்
சுரண்டிப் போடுவார்களே, அது.

"அப்ப நம்ம கடல்?"

மூணாவது.
வடக்கே வாசல் வைக்காத வீடு.
வேறெங்கும் பார்க்காத பழக்கம் ஒன்று அதற்கு உண்டு,
ஆறு மாசம் ஒரு பக்கம் ஓடி
ஆறு மாசம் திரும்பி...

"கச்சான் விழுந்தா நீவாடு மாறத்தானே செய்யும்"
என்கிறான் தொம்மை, போல்ட்டைத் திருகியபடி.
செகண்ட் எஞ்சினியர் எனக்கு அதை விளக்க
ஏடன் முதல் கொழும்பு வரை ஆனது.

இவன் கடலுக்கு இருபது பாகம் ஆழம்.
கப்பல் மாதா கோவில் கண்ணுக்கு மறையும் வரை அகலம்,
மீன் இல்லாத நாளில் அதற்கும் மேலே.
எத்தனாவது என்று அவன் கேட்டதில்லை,
இன்றைக்கு வரை.

"அந்தப் பெரிய கடல்ல என்ன மீன் படும்?"

யோசிக்கிறேன்.
பத்தொன்பது நாள்.
வடிகட்டியை அடைத்தது மட்டும்தான் நான் கண்டது.
"சொறி."

"அதுதான் இங்கனயும் படுது."
கயிற்றை இழுக்கிறான். இரண்டு இருமல்,
மூன்றாவதில் பிடித்துக்கொள்கிறது எஞ்சின்.
பக்கத் துளை வழியே
குளிரவைத்து முடித்த தண்ணீர் பீய்ச்சுகிறது.
உள்ளங்கையை நீட்டினேன். வெதுவெதுப்பு.
இது வெளியேறுவது, கணக்கில் சேராது.
உள்ளே போவதைப் பார்க்க வேண்டும்.
சட்டையைச் சுருட்டி
முழங்கை வரை டிரம்முக்குள் விட்டேன்.

இருபத்தொன்பது இருக்கும்.
முப்பதும் இருக்கலாம்.
எழுத ஒரு கட்டம் இல்லை.

"கையை எடும் மச்சான்,
விசிறி வெட்டிரும்."