ராணி, ஆறு, நாலு

இரவு ஷிப்டு. ஒன்பதாம் கவுண்டர்.
ஃபாஸ்டாக் வந்த பிறகு
யாரும் கைநீட்டாத ஜன்னல்.
சில்லறை எண்ணிப் பழகிய விரல்களுக்கு
வேலை தேடித்தான் இந்தச் சீட்டுக்கட்டு.

வியாழக்கிழமை பெங்களூரில் நேர்முகம்.
கப்பலில் சீட்டுப் பிரித்துப் போடுகிறவள் வேலை,
மணிக்கு அறுபது கை.
பயிற்சிக் கட்டணம் முப்பத்தெட்டாயிரம்.
என் முன்பந்தயம் அதுதான்,
காவேரிப்பட்டணத்து அடகுக்கடையில்
சங்கிலியாகக் கிடக்கிறது.

இங்கே மூணு சீட்டு என்றால்
சந்தைக்குப் பின்னால் சாக்கு விரித்து,
ஜீப் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டம்.
அங்கே பச்சை விரிப்பு.
எனக்குக் கழுத்தில் ஒரு வில்.

விதி சின்னதுதான்.
முன்பந்தயம் வை, மூன்று சீட்டு வரும்.
பிடித்தால் அதே அளவு இன்னொரு பந்தயம் வைத்து நில்.
பிடிக்கவில்லையா, கவிழ்த்துப் போடு,
வைத்தது போகட்டும்.
பிறகு என் சீட்டைத் திருப்புவேன்.
என்னிடம் குறைந்தது ஒரு ராணியாவது வேண்டும்.
இல்லாவிட்டால் நான் ஆட்டத்திலேயே இல்லை.
முன்பந்தயத்துக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கொடுத்து
மற்றதை அப்படியே தள்ளிவிட வேண்டும்.

'ஆட்டத்திலேயே இல்லை.'
நோட்டில் அந்த வரிக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.
எப்போது போட்டேனோ.

மூன்றும் ஒரே இனமாய் வருவதைவிட
மூன்றும் வரிசையாய் வருவது பெரிது.
ஏன் என்று கேட்க வேண்டியதில்லை எனக்கு.
ராயக்கோட்டைத் தக்காளி வண்டிகள்
ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்து வரும்.
அடுத்தடுத்த எண்பலகையோடு மூன்று,
பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

நிற்பதா விடுவதா என்பதற்கும் ஒரு கோடு உண்டு:
ராணி, ஆறு, நாலு.
அதுவோ அதற்கு மேலோ என்றால் நில்.
ஒரு புள்ளி குறைந்தாலும் விடு.
இருபத்திரண்டாயிரத்து நூறு கைகளையும்
யாரோ உட்கார்ந்து எண்ணிக் கிழித்த கோடு.
அதன்படியே ஆடினாலும்
நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம்
'வீட்டுக்கு'ப் போய்விடும்.
வீடு என்றால் அங்கே கம்பெனி.
இதுவும் எனக்குத் தெரிந்த கணக்கு.
ஏற்றிப்போன மாங்காய் விலை போனதா, அழுகியதா,
சுங்கச்சாவடிக் கட்டை யாரையும் கேட்டதில்லை.

ரெண்டரை மணிக்கு
எட்டாம் லேன் கெம்பராஜ் வந்தான்.
கல்லாக் காசைத் தொடக்கூடாது,
ஆளுக்கு முப்பது புளியங்கொட்டை.
அவன் சீட்டை உயர்த்திப் பார்த்தபோது
பின்னாலிருந்த கண்ணாடியில் எனக்கும் தெரிந்தது:
ராணி, ஆறு, மூன்று.

விட்டுர்றா என்று
நாக்கு நுனி வரை வந்தது.
மேசைக்குப் பின்னால் நிற்பவள்
யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது.
முகத்தை ரசீது மாதிரி வைத்துக்கொண்டேன்.

"மூணு மாசமா சம்பளத்துக்கே நிக்கறேன்,
இதுக்கு நிக்கமாட்டனா?"
இன்னொரு கொட்டையை வைத்தான்.

என் கை: ஜாக்கி, ஒன்பது, இரண்டு.
ராணி இல்லை.
ஒரு கொட்டை கொடுத்தேன்,
அவனுடைய இரண்டையும் அவனிடமே தள்ளினேன்.
"பாத்தியாக்கா, உன் நோட்டு பொய்."

நோட்டு பொய்யில்லை.
இதே கையை ஒரு வருஷம் ஆடினால்
அவன் கொட்டையெல்லாம் என் பக்கம் வந்திருக்கும்.
ஆனால் அவன் ஆடியது ஒரு கை.
எனக்கு இருப்பதும்
ஒரே ஒரு வியாழக்கிழமை.

ஆறு மணிக்கு மலைப்பாறை மேல் வெளிச்சம் ஏறியது.
மேசையை விட்டு விலகும்போது
ஒரு தட்டுத் தட்டி, இரு கைகளையும் புரட்டி
மேலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும்,
எதையும் எடுக்கவில்லை என்று.
கவுண்டரைப் பூட்டுமுன் அதையும் செய்து பார்த்தேன்.
சூப்பர்வைசர் என்ன நினைத்தாரோ.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான்
யூனிபார்ம் பையில் ஏதோ உறுத்தியது.
ஒரு புளியங்கொட்டை.

கப்பலில்
பையைத் தைத்துவிடுவார்களாம்.