சாந்து வைக்காத கல்

எழுதிக்கொள்ளுங்கள், பத்திரக்காரரே.
பெயர் அர்திட்சோ. கொத்தன்.
வயது சரியாகத் தெரியாது.
ஓல்மா ஆறு பழைய பாலத்தைத் தின்ற வருஷம்
நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம்.
நற்செய்தி நூல்மேல் வைத்த கையில்
சுண்ணாம்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்,
கழுவிப் போகிற வெள்ளை இல்லை இது.

கிஸ்லாவின் சுவரைச் சுரண்டிய தூள்
என் காய்ச்சலைத் தீர்த்ததா என்கிறீர்கள்.
அந்தச் சாந்தைக் குழைத்தவனிடமே கேட்கிறீர்கள்.
ஆற்று மணல், கொஞ்சம் ஆட்டு முடி,
கோயில் கணக்கர் என் கூலியில் பிடித்துக்கொண்ட
இரண்டு வெள்ளி.
அதில் நான் அறிந்தது இவ்வளவுதான்.

மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.
ஆயர் அவளுக்கு
மரித்தோர் மன்றாட்டை ஒரு வரி விடாமல் பாடினார்.
பத்தொன்பது வயது, தலையில் சாம்பல்.
தன் துக்கமணியைத் தானே கேட்டுக்கொண்டு
உள்ளே நடந்தாள்.
முதல் வரிசை வைத்து நிமிர்ந்தேன்.
குனிந்து என் சட்டியைப் பார்த்தாள்.
"மணல் அதிகம், அர்திட்சோ."
காளவாய்க்காரன் மகள்,
சொல்லாமல் இருப்பாளா.

இரண்டாம் வரிசையில், இடது மூலையில்,
மூன்று கற்களைச் சாந்தில்லாமல் வைத்தேன்.
வெளியே மட்டும் ஒரு பூச்சு,
நாலு மழைக்கு உதிர்கிற பூச்சு.
ஏன் என்று கேட்காதீர்கள்.
எனக்கும் அப்போது இருபத்திரண்டு.
உள்ளிருந்தவளுக்கு இடுக்கு தெரிந்திருக்கும்.
விளக்கைச் சற்று நகர்த்தி வைத்தாள்.
ஆயரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் கூரை பற்றிய இரவு
ஊரே வாளியோடு ஓடியது.
நான் சுவரில் வாயை வைத்துக் கத்தினேன்:
"இடது மூலை! உதை!"
உள்ளே சங்கீதம் படிக்கும் குரல்,
அவசரமில்லாமல்.
பிறகு மழை வந்தது.
அதை ஏழாவது அற்புதம் என்று எழுதியிருக்கிறீர்கள்.
இருக்கட்டும்.

முப்பத்தொரு வருஷம்.
கூடையில் ரொட்டி மூன்று நாள் அப்படியே கிடந்தபோது
சுத்தியலோடு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
முதலில் அந்த மூலையைப் பார்த்தேன்.
இரண்டு கற்களை
அவளே உள்ளிருந்து அடைத்திருந்தாள்,
சுவரில் சுரண்டிய சுண்ணாம்பும்
மென்ற ரொட்டியும் பிசைந்து.
என் சாந்தைவிட நல்ல சாந்து.
மூன்றாவது கல் விரல் பட்டதும் நகர்ந்தது.
அதன் ஓரங்கள்
வாசற்படிபோல் தேய்ந்திருந்தன.

இனி சொல்வதை எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.
என் மனைவி ரிக்கா பிரசவத்தில் போன குளிர்காலம்.
வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்
குடித்துவிட்டு அந்தச் சுவரடியில் கிடந்தேன்.
கல் உரசும் சத்தம்.
தரையோடு தரையாக ஒரு கை வெளியே வந்தது,
உள்ளங்கை மேலே பார்த்தபடி.
ஒன்றும் கேட்கவில்லை. ஆசீர்வதிக்கவுமில்லை.
அதன்மேல் பனி விழுந்து
உருகிக்கொண்டிருந்தது.
நான் தொடவில்லை, பத்திரக்காரரே.
பயந்தேன்.
பனி உருகாமல் தங்கத் தொடங்கிய பிறகுதான்
அது உள்ளே போனது.

இப்போது அதே கை
வெள்ளி உறையில், கண்ணாடிக்குப் பின்னால்.
மலை தாண்டி வருகிறவர்கள்
ஒரு மெழுகுவர்த்தி விலை கொடுத்து முத்துகிறார்கள்.
பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு விரலைத் திருடிவிட்டார்கள்,
அதற்கு வழக்கும் நடக்கிறது.
நானும் ஒருமுறை வரிசையில் நின்றேன்.
என் முறை வந்ததும்
பின்னாலிருந்த கிழவிக்கு வழிவிட்டேன்.

அந்த மூன்றாவது கல்லா?
திருப்பண்டப் பட்டியலில் அது இல்லைதான்.
என் அடுப்பில் வைத்துக் கட்டிவிட்டேன்.
அற்புதம் ஏதும் உண்டா என்று நீங்கள் கேட்குமுன்
நானே சொல்கிறேன்:
ரொட்டி எப்போதும்போல்
ஒரு பக்கம் கருகுகிறது.
ராத்திரி அடுப்பு அணைந்த பிறகும்
அந்த ஒரு கல்மேல் கையை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
சாந்து வைக்கவில்லை,
இன்னும்.