கூடுதல் மணி

பிஸ்கட் தகரத்தில் வந்து சேர்ந்தது
பாதிக் கழுத்துப்பட்டை,
ஊசி இன்னும் நூலில் தொங்க.
இவாலு துண்டுத்தாளில் எழுதியிருந்தாள்:
மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.
நீ வலைக்காரன்தானே.

வலைக்காரன்தான்.
இறால் மடியில் கிழிசல் விழுந்தால்
பனிக்காற்றில் கையுறை கழற்றிவிட்டுக்
கண்ணி கண்ணியாகப் பின்னுகிறவன்.
இதுவும் வலைதானாம்:
ஐந்து பாசிமணி கோத்துக்கொள்,
மேல்வரித் தொங்கலின் நடுமணிக்குள்
ஊசியை விடு, இழு.
மறுபடி ஐந்து.
என் கண்ணியில் கட்டைவிரல் போகும்.
இதில் மூச்சுகூடப் போகாது.

இவாலு என்றால் எங்கள் மொழியில்
நரம்பு நூல்.
கலைமான் முதுகிலிருந்து உரித்து
உலர்த்தித் திரித்த தையல் நூல்.
எட்டு வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.
எந்த இடத்தில் அறுந்தது என்று
இருவருமே குனிந்து பார்க்கவில்லை.

டிஸ்கோ வளைகுடாவுக்கு வெளியே
கப்பல் உருண்டுகொண்டே இருக்கிறது.
ஈரத் துணியில் கொட்டினால்தான்
மணிகள் ஓடாமல் நிற்கின்றன.
அப்படியும் ஒரு ராத்திரி, ஒரே அலை,
முந்நூறு நீலம் படுக்கைக்கு அடியில்.
பாரோத் தீவுக்காரன் ஹெய்னி, எஞ்சின் பார்ப்பவன்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
முழங்காலிட்டுப் பொறுக்கித் தந்தான்.
இரண்டு நாள் கழித்து
சூப்பில் ஒன்று கிடைத்தது என்று சொன்னான்.

நாலாம் நாள் கண்ணில் பட்டது.
என் பாதியில் இல்லை, அவள் பாதியில்.
முப்பத்தோராம் வரி, இடது தோள்,
மூன்றாவது சிவப்புக்குக் கீழே
ஐந்துக்குப் பதில் ஆறு.
கொசு கடித்த இடம்போல
வலை அங்கே கொஞ்சம் வீங்கியிருந்தது.

பிரித்தால் பதினான்கு வரி போகும்.
மணி பின்னுகிறவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு.
நூலைக் கண்ணாடி அறுக்காதபடி
துளைக்குள் ஊசியை நிறுத்திக்கொண்டு,
கண்ணை மூடி,
குறட்டால் ஒரே நெரி.
ஹெய்னியின் குறட்டில் டீசல் நெடி.
டிக்.

நகத்தில் நீலத் தூள்.
ஒரு மணி அகலத்துக்கு
நூல் அம்மணமாய்த் தெரிந்தது.
அந்தத் தளர்வை இந்த மணி, அடுத்த மணி,
அதற்கடுத்த மணி என்று தள்ளி
ஓரம்வரை கொண்டுசேர்க்க
என் தூக்க நேரம் முழுக்கப் போனது.
கூடினதை உடைத்து எடுத்துவிடலாம்.
குறைந்ததை நடுவில் நுழைக்க
எந்தக் குறடும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செயற்கைக்கோள் தொலைபேசியில்
பெருமையாகத்தான் சொன்னேன்:
உன் வரியில் ஒன்று கூட இருந்தது,
சரிசெய்துவிட்டேன்.
கடல் இரைச்சல்தான் கொஞ்ச நேரம் கேட்டது.
பிறகு இவாலு:
அது நிவி கோத்தது.
மடியில் ஏறி உட்கார்ந்து
ஒன்று என் பங்கு என்று கோத்தாள்.
பள்ளிக்கூடம் சேரும் அன்றைக்கு
விரலாலே தேடிக் கண்டுபிடிப்பாளாம்.

கப்பலில் கூடுதல் மணிக்குத் தனிச் சம்பளம்.
நான் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன்.
தகரத்தில் இன்னும் இருநூறு நீலம் கிடந்தன.
அந்த ஒன்று இல்லை.

என் பாதியில் மூன்று இடத்தில்
ஆறாகக் கோத்தேன்.
ஒன்று பொத்தானுக்குப் பக்கத்தில்,
ஒன்று முதுகில்,
ஒன்று கடைசி வரியில், கை சுலபமாகப் போகும் இடத்தில்.

ஆகஸ்ட். சிசிமியூத்.
வாசலில் சில்லறையும் மிட்டாயும் வீசினார்கள்.
குனிந்து பொறுக்கும்போதெல்லாம்
கழுத்துப்பட்டை முன்னால் சரிந்து
நெஞ்சில் வந்து தட்டியது.
அவள் பாதியும் என் பாதியும் சேரும் இடத்தில்
இடுப்புபோல ஒரு சுருக்கம்.
இவாலு அதைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்து,
உன் கை ரொம்ப இறுக்கம் என்றாள்.
அது மட்டும்தான் சொன்னாள்.

படியேறும்முன் நிவி நின்றாள்.
இடது தோளில் விரல் வைத்தாள்,
உதடு அசைய எண்ணினாள்.
ஒரு முறை. இன்னொரு முறை.
நான் கோத்த மூன்றையும் தாண்டி
எங்கோ மார்புக்கு நடுவில்
விரலை நிறுத்தினாள்.
இதோ, என்னுது.

குனிந்து எண்ணினேன்.
ஐந்துதான்.
இவாலுவும் எண்ணியிருப்பாள்,
என் பக்கம் திரும்பவில்லை.
உள்ளே மணி அடித்தது.
ஓடிவிட்டாள்.